அட்டைப் பெட்டியில் செல்லப்பிராணிகளுக்கு விளையாட்டுப் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சேரும் அட்டைப் பெட்டிகளை நாய்க்கும் பூனைக்கும் விளையாட்டுப் பொருளாக மாற்றிக் கொடுக்கலாம் என்று சொன்னால், உடனே வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முயல், ஹாம்ஸ்டர், பறவை வளர்ப்பவர்கள் நேராகக் கீழே போகலாம். ஆனால் எந்த அட்டை நல்லது என்ற பதிலை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

கடையில்தான் விதவிதமா பொம்மை விக்குதே, அட்டையை வச்சு எதுக்கு மெனக்கெடணும்?

கடைப் பொம்மை கிழியக் கூடாது என்பதற்காகவே செய்யப்படுகிறது. நாய்க்கோ கிளிக்கோ பிடித்த வேலையே கிழிப்பதுதான். தோலுரிப்பது, குடைவது, பிய்த்து உள்ளே பார்ப்பது எல்லாம் காட்டில் உணவு தேடும் விலங்கின் அன்றாட வேலைகள். வீட்டுப் பிராணிக்குச் சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. நாள் முழுவதும் செய்திருக்க வேண்டிய வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் செருப்பைக் கடிக்கிறது, திரைச்சீலையைக் கீறுகிறது, இல்லாவிட்டால் சும்மா தூங்கி எடை போடுகிறது.

1963-இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர், கிண்ணத்தில் இலவசமாக உணவு இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவைச் சம்பாதிப்பதைப் பதிவு செய்தார். பிறகு பல விலங்குகளிடமும் இதே பழக்கம் தெரிந்தது. 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் ஹால் மார்கோவிட்ஸ், கிப்பன் குரங்குகள் தாங்களே வேலை செய்து உணவு பெறும்படி ஏற்பாடு செய்தார். இன்று மிருகக்காட்சி சாலைகளில் சிங்கம், புலிக்குக்கூட அட்டைப் பெட்டி கொடுக்கிறார்கள். அவற்றுக்குப் போதுமானது நம் வீட்டுப் பூனைக்குப் போதாதா?

எந்த அட்டையும் கொடுக்கலாமா?

கூடாது. பழுப்பு நிறத்தில், பளபளப்பில்லாமல், அதிக அச்சு இல்லாமல் இருக்கும் நெளி அட்டைதான் சிறந்தது. இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்குமே, அதுதான். அந்த அடுக்குகளை ஒட்டப் பெரும்பாலும் மாவுச்சத்துப் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். டிஷ்யூ, டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் உருளைகளும் நல்லவை. முட்டை அட்டையில் முட்டைக் கறையோ எச்சமோ துளி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சால்மொனெல்லா கிருமி பிராணிக்கும் வரலாம், அதைக் கையில் எடுக்கும் குழந்தைக்கும் வரலாம்.

தொடவே கூடாதவை: மெழுகு அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள பெட்டிகள், பால், பழச்சாறு வரும் அட்டைக் குடுவைகள், ஜிகினா ஒட்டிய பரிசுப் பெட்டிகள், எண்ணெய் ஊறியவை, ஒருமுறை நனைந்து காய்ந்தவை. சோப்புத்தூள், பூச்சி மருந்து, பெயின்ட், உரம் வந்த பெட்டிகளை எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் ஒதுக்குங்கள். முகர்ந்து பாருங்கள். நம் மூக்குக்கே வாடை தெரிந்தால் நாயின் மூக்குக்கு அது தாங்காது.

டேப், ஸ்டேப்ளர் பின் எல்லாத்தையும் எடுக்கணுமா? கொஞ்சம் இருந்தா என்ன?

எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அட்டைத் துண்டு வயிற்றில் ஊறி மசியும், டேப் மசியாது. நீளமான டேப், நூல், ரிப்பன் ஆகியவை பூனையின் குடலுக்குள் போனால் குடல் சுருக்குப் பை போலச் சுருங்கி, அறுபடும் அளவுக்குப் போய்விடும். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள்; அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஸ்டேப்ளர் பின்னும் ஆபத்துதான். வாயைக் கிழிக்கும் என்பது ஒரு பக்கம். பறவைகளுக்கு அதிலிருக்கும் துத்தநாகமே விஷம். பெட்டியின் முகவரிச் சீட்டையும் உரித்துவிடுங்கள்.

டேப் கூடாதுன்னா எதை வச்சு ஒட்டுறது?

முடிந்தவரை ஒட்டாதீர்கள். மடித்துச் செருகினாலே பெரும்பாலான பொருள்கள் நிற்கும். அட்டையில் கீறல் போட்டு இன்னொரு அட்டையை அதில் கோத்தால் பசையே தேவையில்லை. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். நன்றாகக் காய்ந்த பிறகு கொடுங்கள்.

எனக்குக் கைவேலை வராது. ரொம்ப சுலபமா ஒண்ணு சொல்லுங்க.

ஒரு உருளையை எடுங்கள். ஒரு முனையை உள்பக்கமாக மடித்து மூடுங்கள். நாலைந்து உலர் தீவன உருண்டைகளைப் போட்டு மறுமுனையையும் மடியுங்கள். முடிந்தது. முதல் தடவை ஒரு முனையைத் திறந்தே வையுங்கள்.

இன்னொன்று: பெட்டிக்குள் கசக்கிய வெற்றுத்தாள், காலி உருளைகள், சின்னப் பெட்டிகள் எல்லாவற்றையும் நிரப்பி, நடுநடுவே தீவனத்தைத் தூவிவிடுங்கள். மூக்கை உள்ளே விட்டுத் துழாவட்டும். நாய்க்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கத்தரிக்கோல்கூட வேண்டாம்.

துளை போடும்போது எவ்வளவு பெரிசா போடணும்?

பாதம் மட்டும் போகிற அளவு, இல்லாவிட்டால் தலையும் தோளும் தாராளமாகப் போய்வருகிற அளவு. இரண்டுக்கும் நடுப்பட்ட துளைதான் ஆபத்து. தலை உள்ளே போகும், வெளியே வராது. பிராணி மிரண்டு ஓடி எதிலாவது மோதிக்கொள்ளும்.

பூனைக்காகப் பார்த்துப் பார்த்து ஒண்ணு வாங்கினேன். அதை விட்டுட்டு அது வந்த பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்குது. ஏன்?

பூனை வேட்டையாடும், வேட்டையாடவும் படும். அதனால் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்கிற இடம் அதற்கு நிம்மதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் சீக்கிரம் தணிந்தது. வீடு மாறும்போதும், விருந்தாளிகள் வரும்போதும், புதுப் பிராணி வரும்போதும் ஒரு பெட்டியை மூலையில் வைத்துவிடுங்கள். அதில் இருக்கும் பூனையைக் கையை விட்டு இழுக்காதீர்கள்.

சூடும் ஒரு காரணம். பூனை தன் உடம்பை வெதுவெதுப்பாக வைக்கச் சிரமப்படாமல் இருக்கச் சுமார் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்குக் கொஞ்சம் குளிர்தான். நெளி அட்டைக்குள் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது.

நகம் கீறும் பலகையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். அட்டையில் செய்கிறவற்றில் அதிக நாள் உழைப்பதும் இதுதான். நெளி அட்டையை 5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். அலைகளின் போக்குக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டிய ஓரத்தில் தேன்கூடு மாதிரித் துளைகள் தெரியும். அந்தத் துளைகள் மேலே பார்க்கும்படி பட்டைகளை ஆழமில்லாத ஒரு பெட்டிக்குள் வரிசையாக நிறுத்தி அடுக்குங்கள். இனி ஒன்றுகூட நுழையாது என்கிற அளவுக்கு நெருக்கினால் பசையே தேவைப்படாது. திசை மாற்றி வெட்டினால் வழுவழுப்பான ஓரம்தான் வரும், நகம் பிடிக்காது. பலர் செய்தும் பூனை தீண்டவில்லை என்று சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அளவு. பூனை உடம்பை முழுக்க நீட்டிக் கீற விரும்பும். 50, 60 செ.மீ. நீளமாவது வேண்டும். மூன்றாவது, வைக்கும் இடம். யாரும் போகாத மூலையில் வைத்தால் பயனில்லை. தூங்கி எழுந்ததும் கீறுகிற பழக்கம் இருப்பதால் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது இப்போது எந்த சோபாவைக் கீறுகிறதோ அதற்கு முன்னால் வையுங்கள். ஒரு பக்கம் பிய்ந்துவிட்டால் பட்டைகளைத் திருப்பி அடுக்கிக்கொள்ளலாம்.

உருளைக்குள் சாப்பாடு வச்சா நாய் குஷியா தேடுது. பூனை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. அதுக்கு அறிவு கம்மியா?

அறிவில் குறையில்லை. முதல் பதிலில் சொன்ன "உழைத்துச் சாப்பிடும்" பழக்கத்துக்குப் பூனை ஒரு விதிவிலக்கு. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தட்டும், வேலை செய்தால்தான் தீனி கிடைக்கும் உணவுப் புதிரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது பெரும்பாலான பூனைகள் தட்டில் இருந்ததையே அதிகம் சாப்பிட்டன. அதற்காகப் புதிரை விட்டுவிட வேண்டியதில்லை. தட்டு பக்கத்தில் இல்லாதபோது, பசி நேரத்தில், வாடை தூக்கலான தீனியோடு கொடுத்துப் பாருங்கள். ஆனால் புதிரைத் திறந்தால்தான் சாப்பாடு என்று பட்டினி போடாதீர்கள். நாள் கணக்கில் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூனைக்குச் சாப்பாட்டைவிட வேட்டைதான் இழுப்பு. பெட்டியின் பக்கங்களில் பாதம் நுழையும் துளைகள் போட்டு, உள்ளே ஒரு பந்தை உருட்டிவிடுங்கள். துளைக்குத் துளை அது எட்டிப் பிடிப்பதைப் பார்த்தால் அறிவைப் பற்றிய சந்தேகம் உங்களுக்கே போய்விடும்.

மணிக்கணக்கா உட்கார்ந்து செய்றேன். நாய் ரெண்டே நிமிஷத்துல கந்தலாக்கிடுது. வேஸ்ட்தானே?

கந்தலாவதற்காகத்தானே செய்கிறீர்கள். மணிக்கணக்கில் செய்வதுதான் தப்பு. அழகாகக் கோபுரம் கட்டி வண்ணம் தீட்டுவது நம் மகிழ்ச்சிக்கு. நாய்க்கு ஐந்து நிமிடத்தில் செய்ததும் அதுவும் ஒன்றுதான்.

நேரத்தை நீட்ட வேண்டுமானால் கெட்டியாகச் செய்யாதீர்கள், அடுக்கைக் கூட்டுங்கள். உருளைக்குள் தீனி, அந்த உருளை சின்னப் பெட்டிக்குள், அது பெரிய பெட்டிக்குள், இடையில் கசக்கிய தாள். சில பெட்டிகளில் ஒன்றுமே வைக்காமல் விடுங்கள். எதில் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும் வேலைதான் நாயைக் களைப்பாக்கும்.

கிழிக்கப் பழக்கினா அப்புறம் புத்தகம், செருப்புன்னு எல்லாத்தையும் கிழிக்காதா?

பெரும்பாலும் மாறாகத்தான் நடக்கிறது. கிழிக்க ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதைத் தேடுவது குறைகிறது. ஆனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே விரிப்பின் மேல், நீங்கள் கையால் கொடுத்ததை மட்டும் கிழிக்கட்டும். முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். புத்தகங்களையும் வந்த பார்சலையும் தரையில் போட்டுவிட்டு நாயைக் குறை சொல்லக் கூடாது.

அட்டையைத் தின்னுடுது. பயமா இருக்கு, என்ன பண்றது?

அட்டை விளையாட்டில் நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி இதுதான்: உங்கள் பிராணி கிழித்துத் துப்புகிறதா, கிழித்து விழுங்குகிறதா? முதல் சில தடவை பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் கவனியுங்கள். தெரியாமல் விழுங்கிய நகமளவுத் துண்டுகள் பொதுவாக ஊறி மலத்தோடு வந்துவிடும். தொடர்ந்து விழுங்குகிற நாய்க்குக் கிழிக்கும் விளையாட்டு வேண்டாம். அதற்காக அட்டையையே மறக்கத் தேவையில்லை. திறந்த பெட்டியில் தீவனத்தைத் தூவி மோப்பம் பிடிக்க விட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம்.

வாயில் இருக்கும் துண்டைப் பிடுங்கத் துரத்தினால் அவசரத்தில் விழுங்கிவிடும். இன்னொரு தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய துண்டை விழுங்கிய பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் வலி, மலம் வராதது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குடல் அடைப்பு தானாகச் சரியாகும் என்று காத்திருக்க முடியாது. அட்டையோடு மண், துணி, கல் என்று எல்லாவற்றையும் தின்னும் பிராணிக்குச் சத்துக் குறையோ வயிற்றுக் கோளாறோ இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள்.

உள்ளே என்ன வைக்கலாம்? குண்டாகிடாதா?

தினமும் தட்டில் போடும் உலர் தீவனத்தில் ஒரு பங்கை எடுத்து அட்டைக்குள் போடுங்கள். அப்படிச் செய்தால் எடை கூட வழியில்லை. தனியாகத் தின்பண்டம் வைத்தால் அன்றைய மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஈரமான உணவை அட்டையில் தடவாதீர்கள். அட்டைக்கே உணவின் ருசி ஏறிவிடும், துப்புகிற நாயும் விழுங்க ஆரம்பிக்கும்.

நாய்க்குச் சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சைலிடால் என்ற சர்க்கரைக்கு மாற்றான இனிப்பு கலந்த எதுவும் விஷம். "சர்க்கரை இல்லாதது" என்று போட்ட பொருள்களில் சைலிடால் இருக்கலாம். வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள்.

குட்டிக்கும் வயசான நாய்க்கும் கொடுக்கலாமா?

குட்டி எதையும் வாயில் போட்டு விழுங்கிப் பார்க்கும் வயது. பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் சுமார் ஆறு, ஏழு மாதம் வரை மோப்ப விளையாட்டே போதும். வயதான நாய்க்கு இவை வரப்பிரசாதம். ஓட முடியாது, கண் மங்கியிருக்கும், மூக்கு மட்டும் வேலை செய்யும். கழுத்தைக் குனியச் சிரமப்பட்டால் பெட்டியின் ஓரத்தைத் தாழ வெட்டி, சின்ன மேடையில் வையுங்கள். சப்பை மூக்கு நாய், பூனைகளுக்கும் ஆழமில்லாத பெட்டிதான் சரி.

ரெண்டு நாய் இருக்கு. பெட்டியைப் பார்த்ததும் ஒண்ணை ஒண்ணு உறுமுது.

தனித்தனி அறையில், தனித்தனிப் பெட்டி. முடிந்ததும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் எடுத்த பிறகு சேர்த்து விடுங்கள். பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தால் சண்டைதான் பழக்கமாகும். உங்களைப் பார்த்தே உறுமினால் இந்த விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு பயிற்சியாளரைப் பாருங்கள்.

முயலுக்கு அட்டை ஆகுமா? அது தின்னத்தானே செய்யும்?

கொறிக்கும். கொஞ்சம் விழுங்கவும் செய்யும். பூச்சில்லாத வெறும் அட்டையாக இருந்தால் அந்தக் கொஞ்சம் கெடுதல் செய்யாது. உருளைக்குள் காய்ந்த புல்லைத் திணித்துக் கொடுப்பது முயலுக்கும் கினிப் பன்றிக்கும் அருமையான பொருள். பெட்டியைக் கவிழ்த்து வீடு செய்தால் இரண்டு வாசல் வையுங்கள். இரை விலங்குகளுக்குத் தப்பிக்க இன்னொரு வழி இருந்தால்தான் உள்ளே போகவே மனம் வரும். ஒரே வாசல் என்றால் பலசாலி முயல் வாசலில் உட்கார்ந்து மற்றதை அடைத்துவிடும்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அட்டை கொறித்தால் பல் தேய்ந்துவிடும் என்று சொல்கிறார்கள். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது புல்லை அரைக்கும் வேலைதான், அட்டை அதற்கு ஈடாகாது. புல்லை விட்டுவிட்டு அட்டையையே தின்றால் கொடுப்பதை நிறுத்துங்கள். அரை நாள் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் முயலுக்கு அது அவசர நிலை.

ஹாம்ஸ்டர் உருளைக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா?

மாட்டிக்கொள்ளத்தான் செய்யும், அதிலும் கன்னப் பையில் தீனியை அடைத்துக்கொண்டு நுழைந்தால். உருளையின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் முழுக்க வெட்டிவிடுங்கள். சிக்கினால் விரிந்து கொடுக்கும். மற்றபடி பெட்டிகளை உருளைகளால் இணைத்துச் சுரங்கம் கட்டிக் கொடுங்கள். சிறுநீரில் நனைந்த பகுதியை உடனே மாற்றுங்கள்.

கிளிக்குக் கொடுத்தேன், பயந்து கூண்டின் மூலைக்குப் போயிடுச்சு.

கிளிகள் புதுப் பொருளைக் கண்டால் மிரளும். முதலில் கூண்டுக்கு வெளியே, தள்ளி வையுங்கள். அது பார்க்கும்படி நீங்களே கிழித்து விளையாடுங்கள். நாளுக்கு நாள் கிட்டே கொண்டு வந்து, கடைசியில் அட்டைத் துண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு இடையே செருகிவிடுங்கள். தொங்கவிட நூல் வேண்டாம், விரலில் சுற்றிக்கொள்ளும்.

பறவை முழுதாக நுழையும் இருட்டுப் பெட்டியையும் தவிர்க்க வேண்டும். பட்ஜி, காக்கட்டீல் போன்றவை அதைக் கூடு என்று எடுத்துக்கொள்ளும். ஜோடியே இல்லாத பெண் பறவைகூட முட்டை வைக்க ஆரம்பித்துச் சுண்ணாம்புச் சத்தை இழக்கும். பறவைக்கு அட்டை கிழிப்பதற்கு மட்டும், குடியிருக்க வேண்டாம்.

எப்போ கஷ்டத்தைக் கூட்டணும்?

முதல் புதிர் புதிராகவே தெரியக் கூடாது. தயங்காமல் நேராக வந்து திறக்கிறது என்றால் ஒரு படி கூட்டுங்கள். குரைப்பது, பெட்டியைத் தூக்கி அடிப்பது, உங்கள் முகத்தைப் பார்ப்பது, விட்டுவிட்டுப் போவது எல்லாம் ஒரு படி இறங்குங்கள் என்பதற்கான அடையாளம். பூனை போகும் வேகத்தில் போவதே நல்லது. அது இறங்கி வராது.

வேலைக்குப் போகும்போது போட்டுட்டுப் போகலாமா?

விழுங்குகிற பிராணியாக இருந்தால் கூடவே கூடாது. துப்புகிற நாயானாலும், கிழிக்கும் பொருளை ஆள் இருக்கும்போது மட்டும் கொடுப்பதே என் வழக்கம். நகம் கீறும் பலகை, ஒளிந்துகொள்ளும் பெட்டி, முயலின் புல் உருளை இவற்றை விட்டுப் போகலாம்.

அட்டையைச் சேர்த்து வச்சா கரப்பான் வருதே?

மாவுச்சத்துப் பசை கரப்பானுக்கும் பிடிக்கும், நெளிவுகள் அதற்கு நல்ல ஒளிவிடம். மூட்டை கட்டி வைக்காதீர்கள். பெட்டி வந்ததும் தட்டி, மடிப்புகளைப் பார்த்து, தேவையான இரண்டு மூன்றை மட்டும் உலர்ந்த இடத்தில் தட்டையாக மடித்து வையுங்கள். ஈரம், பூஞ்சை, புளித்த வாடை வந்தால் அன்றோடு சரி.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. நான் வெளிய போனா நாய் இன்னும் ஊளையிடுது, கிளி இறகைப் பிடுங்குது.

சலிப்பால் வருகிற சேட்டைக்கு அட்டை உதவும். தனிமைப் பயத்தில் ஊளையிடும் நாய் தீனி நிறைந்த பெட்டியைக்கூடத் தொடாது. நீங்கள் போன பிறகு பெட்டி அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியே கிடந்தால் அது சலிப்பு இல்லை. தனியாக இருக்கப் படிப்படியாகப் பழக்க வேண்டும், சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும். இறகு பிடுங்குவதற்குத் தோல் நோய், கல்லீரல் கோளாறு, ஹார்மோன் என்று பல காரணங்கள் இருக்கலாம். பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். சிகிச்சை நடக்கும்போதே கிழிக்க அட்டையும் கொடுக்கலாம், தடையில்லை.